சுருதி இறக்கும் பட்டன்

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் ஜெபகுமாரை ‘பட்டன் ஜெபா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க ஆட்டோ ஓட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் அவன் கை ஓடும், கறுப்புக் கட்டையெல்லாம் அவனுக்கு அலங்காரம். பாடுகிறவர் உயரத்தில் எடுத்தால் ஒரு பட்டனை அழுத்திச் சுருதியை ஏற்றிவிடுவான். தாழ எடுத்தால் இன்னொரு பட்டனை அழுத்தி இறக்குவான். விரல்கள் பழைய இடத்திலேயே வாசித்துக்கொண்டிருக்க, சத்தம் மட்டும் மேலே போகும், கீழே வரும். கேள்விஞானத்தில் கற்றவனுக்கு அது ஒரு வரம்.

அவன் குடும்பம் எங்கள் மாடியில் குடியிருந்தது. கீழ் வீட்டில் நான். பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது என் தொழில். கை வேலையில் இருந்தாலும் காது சும்மா இருக்காது என்பதால் மாடியில் நடப்பது எனக்கு அத்துபடி. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த வீட்டுத் தரை அவ்வளவு மெல்லிசு.

அவன் மனைவி சுகாசினி இன்று இல்லை. நான் சொல்லப்போகிற வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களைக் கடைசி வரை ஏங்கவிட்டுப் பிறகு கைவிரிப்பது எனக்குப் பிடிக்காது.

மகள் பிரவீனா மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் வீட்டில் பியானோ இருக்கிறது’ என்று பீற்றிக்கொள்வாள். கட்டிலுக்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் கிடந்த அந்தக் கீபோர்டைத்தான் சொல்வாள். அவளுக்கு அடையாளம் தெரிவதற்காகக் கட்டைகளில் ஜெபா என்னுடைய ஸ்டிக்கர் பொட்டுகளை வாங்கி ஒட்டியிருந்தான். ஒரு நாள் வீட்டுக்கு வந்த பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயைக் குடித்தார்.

சவாரி முடித்து வந்ததும் பாடம் ஆரம்பமாகும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து அடுத்த கட்டைக்குப் போவது அவளுக்கு வரவே இல்லை. இவன் பின்னால் நின்றுகொண்டு, ஆட்டோவில் ஆள் ஏற்றும் அதே குரலில், “உள்ள தள்ளு, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு” என்பான். சுகாசினிக்குச் சிரித்து மாளாது. அவள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். சர்ச்சில் அவள் பாட எழுந்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மகள் வாசிக்கத் தான் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. பாட்டைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

ஆடி மாதம் ஆரம்பித்த இருமல் நிற்கவில்லை. சென்னைக்குப் போனார்கள், படம் எடுத்தார்கள், நுரையீரலில் புற்று என்றார்கள். டாக்டர் ஜெபாவைத் தனியாகக் கூப்பிட்டு, பண்டிகை வரைக்கும் தாங்கினால் பெரிய விஷயம் என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அவன் இதைச் சொன்னபோது கையில் இருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டேன்.

குழந்தைக்கு எதுவும் தெரியக் கூடாது என்று முடிவு செய்துவிட்டான். தெரிந்தால் அழுவாள், அழுதால் வாசிக்க மாட்டாள், சுகாசினியின் அந்த ஒரே ஆசையும் போய்விடும். அதனால் அம்மாவுக்கு நெஞ்சுச்சளி என்று சொல்லி வைத்தான். எனக்கு இது பிடிக்கவில்லை. அந்த வீட்டிலேயே கூர்மையான காது அந்தக் குழந்தையுடையது, அவளையா ஏமாற்றப் போகிறாய் என்று சண்டையே போட்டேன். “பண்டிகை முடியட்டும்க்கா” என்று ஒரே பிடியாக நின்றான்.

சுகாசினிக்கு மூச்சு குறையக் குறையக் குரல் இறங்கியது. மேல் வரிக்குப் போனால் இருமல் வரும். குழந்தை தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்து ஜெபா பட்டனை ஒரு முறை அழுத்துவான். சுருதி ஒரு படி இறங்கும். மகள் திரும்பி வந்து அதே கட்டைகளில் வாசிப்பாள், சுகாசினி சிரமமில்லாமல் பாடுவாள். கொஞ்ச நாளில் அதுவும் எட்டாமல் போகும். இன்னொரு அழுத்து.

நான் கஞ்சி கொண்டுபோன ஒரு மத்தியானம் சுகாசினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு இறக்கிக்கினே வர்றாருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிக்கினு இருக்காரு. நானும் தெரியாத மாதிரியே பாடுறேன்.”

அன்றைக்குக் குஞ்சம் கட்ட உட்கார்ந்து, கட்டியதையெல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டினேன். கண் தெரிந்தால்தானே முடிச்சு நேராக விழும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் பிரவீனா வாசிப்பதை நிறுத்திவிட்டு, பியானோ சத்தம் முன்னே மாதிரி இல்லை, கீழே போய்க்கொண்டே இருக்கிறது என்றாள். ஜெபா இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

“மழை ஈரம்மா. தாத்தா பறை மழைக்கு இறங்கிப்போவுமே, அது மாதிரி.”

அவன் அப்பா வீரபத்திரன் திருப்புட்குழியில் இருக்கிறார், பறை அடிப்பவர். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பேத்தி அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். ஈரத்தில் தொய்ந்த தோலை அவர் வைக்கோல் தீயில் காட்டுவதையும், காட்டக் காட்டச் சத்தம் ஏறி டண் என்று வருவதையும் அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பொய் சொன்னவன் பாதியைத்தான் சொன்னான். மீதி குழந்தைக்கே தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை மழை விட்டிருந்தது. சுகாசினி மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொசுங்கல் வாடை வந்தது. மேலே ஓடினேன். மொட்டைமாடியில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே பழைய பேப்பர் எரிந்துகொண்டிருந்தது. அதன் மேலே கீபோர்டின் ஒரு முனையைத் தாத்தா பறையைப் பிடிப்பது போலவே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிரவீனா. அவளை இழுத்துத் தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கொட்டினேன். வலது ஓரத்துக் கட்டைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

என் சத்தம் கேட்டுத் தெருமுனையில் இருந்த ஜெபா ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் கையை ஓங்கிவிட்டான். அவள் நகரவில்லை.

“இது இறங்குறதாலதான்பா அம்மாவும் இறங்கிப் பாடுறாங்க. இதை ஏத்திட்டா அம்மாவுக்கும் சரியாயிடும்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் பொய் இந்தக் குழந்தைக்குள் என்ன வேலை செய்திருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அவன் மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

கீபோர்டை உள்ளே எடுத்துப்போய்த் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, ஞாயிறு மாலை என்னையும் மேலே கூப்பிட்டுவிட்டுப் பிளக்கில் சொருகினான். உருகிய முனை போக மற்றது வேலை செய்தது. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பட்டனைக் காட்டினான். ஒவ்வொரு முறையும் தான்தான் இறக்கினேன் என்றான். ஈரமெல்லாம் இல்லை, அம்மாவுக்கு வந்திருப்பது சளியும் இல்லை, மருந்துக்குக் கட்டுப்படாத நோய், அதனால்தான் குரல் போகிறது என்றான். கட்டிலில் சுகாசினி கண் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

பிரவீனா அழுவாள் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அவள் அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“இன்னும் எவ்ளோ இறங்கும்பா?”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் பிளக்கைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். சுகாசினிதான், “வாசிடா கண்ணு, பாடிப் பாக்கலாம்” என்றாள்.

பிரவீனா வாசித்தாள். கட்டைவிரல் ஒழுங்காக உள்ளே போனது. சுகாசினி முதல் வரியைப் பாடினாள், இரண்டாவது வரியின் நடுவில் மூச்சு முட்டி நின்றாள். ஜெபா கையை நீட்டினான். அதற்குள் பிரவீனாவே ஒரு விரலால் பட்டனை அழுத்திச் சுருதியை இறக்கியிருந்தாள்.

“இப்ப பாடும்மா” என்றாள்.

சுகாசினி பாடினாள். ஜெபா எழுந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.