யாருக்கு யார் மூத்தவன் என்று கேட்டவர்

சுடலைமுத்து சார் போய்விட்டார் என்று கல்பாக்கத்திலிருந்து போன் வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எல்லாவற்றையும் முன்பே சொன்னவன் நான். மனுஷன் ஞாயிற்றுக்கிழமைதான் போவார், அதுவும் சாயங்காலம் பந்தாடுகிற நேரத்தில்தான் போவார் என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அப்படியே ஆனது. சொன்னது பலித்ததில் சந்தோஷம் இல்லை. உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் கால்பந்து கிளப்பில் ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிளப்பை ஆரம்பித்தது, பெயர் வைத்தது, என் சைக்கிள் கடையில் பந்துக்குக் காற்றடித்தது எல்லாம் நான்தான். சார் கூட இருந்தார்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்தவர். சாயங்காலமானால் எங்கள் குப்பத்துக்கு சைக்கிளில் வந்துவிடுவார். பின்னாலேயே குடியிருப்புப் பையன்கள் ஷூ மாட்டிக்கொண்டு வருவார்கள், ஐம்பது சைக்கிள் இருக்கும். கற்றுக்குட்டிகளுக்கு அலை நனைத்த கெட்டி மணல். காலில் பந்து நிற்கிறவனுக்கு மேலே, கால் புதைகிற காய்ந்த மணல். ஷூ போட்ட நெட்டைகள் ஈரத்தில் நிற்க, எங்கள் பொடிசுகள் மேலே ஆடும். ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், “இன்னா சார், மூணு மாசமா எம்புள்ளைய ஈரத்துலயே வெச்சிக்கினு கீற? சளி புடிச்சிக்கப் போவுது” என்றார். “பந்து அவன் பேச்சக் கேக்கட்டும்வே, மறுநாளே மேல ஏத்திருதேன்” என்றார் சார்.

திறமையைப் பிரிப்பது சுலபம். வயதைப் பிரிப்பதில்தான் உயிர் போனது. செங்கல்பட்டில் பதினாலு வயதுக்குட்பட்டோர் போட்டி. எங்கள் பையன்களின் சர்டிபிகேட்டைப் பார்த்தால் பதினோரு பேரும் ஜூன் மாதம் ஒரே நாளில் பிறந்தவர்கள். பள்ளியில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேலே போட்டுக் காதைத் தொட்டால் வாத்தியார் ஒரு தேதி எழுதிக்கொள்வார்.

“ஒரே நாள்ல பதினோரு பிரசவமா? ஊரு தாங்குமாவே?” என்று சிரித்தார் சார்.

“அதான் சர்டிபிகேட்டு கீதே சார், போட்டி நடத்துறவங்களே ஒத்துக்குவாங்க” என்றேன்.

“மீச மொளச்சவன் சின்னப்பயல இடிச்சுத் தள்ளுனா, சர்டிபிகேட்டா வந்து தூக்கிவிடும்?”

வீடுவீடாகப் போனார். எந்தத் தாய்க்கும் வருஷம் தெரியவில்லை. “வருசத்த விடுங்கம்மா, யாருக்கு யாரு மூத்தவன்?” என்று கேட்டார். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “எம்புள்ளைக்குப் பேரு வெக்கசொல்லதான் பக்கத்து வூட்டுக்காரிக்கு வலி வந்துது சார்” என்றாள் ஒருத்தி. அப்படிக் கேட்டே மூத்தவன் முதல் இளையவன் வரை கடற்கரையில் வரிசையாக நிறுத்திவிட்டார். என் அக்கா மகன் ரமேஷ் மட்டும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தவன், ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதி சரியாக உண்டு. வயது வரம்பில் பத்து நாளில் தப்பிப் போட்டிக்குள் வந்தான். சார் அவன் காலடியில் கோடு கிழித்தார். அவனுக்கு மூத்தவன் எவனும் ஆடக்கூடாது.

செல்வத்துக்குத்தான் வரிசையில் இடம் இல்லை. தாயில்லாத பிள்ளை, மதுராந்தகத்தில் பிறந்து, விவரம் தெரிந்த பிறகு குப்பத்துக்கு வந்தவன். அவன் உதைத்த பந்து ஒருமுறை கடலில் விழுந்து, கட்டுமரம் விட்டுத்தான் எடுத்தோம். முன்னால் நின்று கோல் அடிக்கிற இடம் ஒன்று. அதற்கு அவனும் ரமேஷும். அப்பன் கையை விரித்துவிட, அவனை வளர்த்த மதுராந்தகத்துச் சின்னம்மாவைக் கேட்டு வரச் சொல்லி சார் என்னை அனுப்பினார். போய் வந்து சொன்னேன்: “ஏரி ரொம்புன அந்தப் பெருமழையில, தவழுற கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு மேட்டுக்கு ஓடுனாளாம் சார்.” ரமேஷ் அதே வருஷம் ஆடியில் பிறந்தவன், ஐப்பசி மழைக்குக் குப்புறக்கூட விழவில்லை. சார் செல்வத்தின் தோளைப் பிடித்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

செங்கல்பட்டில் தோற்றோம். வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேரை விளையாட்டு விடுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். செல்வம் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். மறுவாரம் அப்பாவோடு கடலுக்குப் போனவன், சாரிடம் அப்புறம் பேசவேயில்லை. அந்தச் சின்னம்மாவும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், கடைக்குக் காற்றடிக்க வரும்போதெல்லாம் சார் கேட்பார்: “அந்தப் பய விசயத்துல சரியாத்தானவே கேட்டீரு?” “கேட்டேன் சார்.” “உம்ம வாக்கு போதும்.” கேட்டுக் கேட்டு அவரும் களைத்தார், சொல்லிச் சொல்லி நானும் களைத்தேன்.

காரியத்தன்று செல்வம் வந்திருந்தான். தாடியில் நரை விழுந்துவிட்டது. உள்ளே வராமல் தெருவிலேயே நின்றான். “கெழவன் என்னைய மட்டும் இன்னாத்துக்கு மாமா ஓரங்கட்டுனாரு? ஊரான் புள்ளன்னா?” என்றான். எப்போதும் ஆயிரம் கதை சொல்லுகிற நான், அவனுக்கு நாற்காலி எடுத்துவரப் பந்தலுக்குள் போய்விட்டேன்.

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான், ‘உம்ம வாக்கு போதும்.’ அதை வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. மதுராந்தகம் போனது நிஜம், சின்னம்மாவைக் கேட்டதும் நிஜம். இடுப்புக் குழந்தைதான் நான் கட்டியது. அந்த மழையில்தான் பிறந்தான் என்றாள் அவள். செல்வம், நீ ரமேஷுக்கு மூன்று மாதம் சின்னவன்.