எங்கள் யாருக்கும் முதுகுவலி இல்லை

கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. நூருல்லா பாய் காலையில் மாரடைப்பில் போய்விட்டாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் அன்று பல தட்டுகள் அப்படியேதான் இருந்திருக்கும், அடித்துச் சொல்வேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடைக்குப் போகாமல் பிசியோதெரபி படித்தவர். புதுவாயல் கூட்டுரோட்டில் மருந்துக்கடை மாடியில் ஒரே ஒரு அறை. பலகையில் முதுகுவலி, மூட்டுவலி என்றுதான் இருக்கும். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் அங்கே போனால் நோட்டில் முதுகுவலி என்றே எழுதுவார்கள். நானும் எழுதினேன். என் முதுகுக்கு ஒரு குறையும் இல்லை.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு விறைப்பு வராமல் போனது. வெட்கத்தில் நானே கேட்டு நிரந்தர நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டேன். வேறு எவளோ இருக்கிறாள் என்று என் மனைவி செல்வி முடிவு கட்டிவிட்டாள். கடம்பத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பப் பையும் கட்டியாயிற்று.

பாய் என் முதுகைத் தொடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "முதுகுவலிக்காரன் நாற்காலியப் புடிச்சிக்கினு உட்காருவான் நைனா. நீ பொத்துனு உட்கார்ற. இன்னா விஷயம், சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் டாக்டரிடம் அனுப்பி சர்க்கரை, பிரஷர், இதயம் எல்லாம் பார்க்க வைத்தார். பிறகுதான் பயிற்சி. சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல இடுப்புக்கு அடியில் இருக்கிற தசையை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை.

ஒரு மாதமாகியும் பலனில்லை. ஏமாத்து வேலை என்று போய்க் கத்தினேன். பாய் என்னைப் படுக்க வைத்துச் செய்யச் சொன்னார். வயிற்றில் கை வைத்ததும் தன் தலையில் அடித்துக்கொண்டார். கம்பிக்கட்டு தூக்குகிற பழக்கத்தில் நான் மூச்சைப் பிடித்து வயிறு, தொடை, பல் எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டிருந்தேன். வேலை செய்ய வேண்டிய தசை மட்டும் சும்மா இருந்தது. மில்லிலிருந்து வருகிற எல்லாருமே செய்கிற தப்பாம் இது.

"வாய் விட்டு எண்ணு. அப்போ மூச்சைப் புடிக்க முடியாது. புடிக்கிறது மட்டும் வேலை இல்ல, உட்றதும் வேலைதான்" என்றார். செல்வியிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொல்லியும் அனுப்பினார்.

அதுதான் பயிற்சியைவிடக் கஷ்டமாக இருந்தது. எப்படியோ சொன்னேன். "இதுக்கா இத்தினி மாசம் என்னக் கொன்ன?" என்று கேட்டு அழுதாள். மறுநாளிலிருந்து காய் நறுக்கிக்கொண்டே அவளும் என்னோடு எண்ணினாள். மூன்று மாதத்தில் உடம்பு வழிக்கு வந்தது. நைட் ஷிஃப்ட் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். பாயிடம் சொன்னபோது, இது எல்லாருக்கும் போதாது, உனக்குப் போதுமாயிருக்கிறது, நிறுத்திவிடாதே என்று மட்டும் சொன்னார்.

போன் வந்த அன்று மாலையே பழவேற்காட்டில் அடக்கம். கம்பெனிச் சட்டையோடு வந்த ஆண்கள் வரிசையாக நின்றோம். வாப்பா எப்படிப் பழக்கம் என்று அவருடைய மூத்த மகன் ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். முதுகுவலி, முதுகுவலி என்றே எல்லாரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்த பிறகும் அவரை அந்தப் பலகைக்குப் பின்னாலேயே வைக்கிறோமே!

என் முறை வந்தது. "எனக்கு முதுகுவலி இல்ல தம்பி. ஆம்பளையா இருக்க முடியலன்னு பொண்டாட்டிகிட்ட ஒளிஞ்சிக்கினு இருந்தேன். உங்க வாப்பாதான் என்னை ஊட்டுக்கு அனுப்பி வெச்சாரு" என்றேன்.

எனக்குப் பின்னால் இருந்த கிரேன் ஆபரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் அதான்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

போய் வாருங்கள் பாய். நோட்டில் என் பெயருக்கு நேரே இருப்பதை அடித்துவிடச் சொல்லி உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.