ஜன்னல் வழியாக ஏறிய குழந்தை: கள்ளிக்குப்பம் முதல் குத்தம்பாக்கம் வரை

ஊர் சுற்றப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்க்கப் பஸ் ஏறியது அநேகமாக நானும் என் சிநேகிதி ஸ்டெபியும் மட்டும்தான். குத்தம்பாக்கத்தில் பெரிதாக ஒரு பஸ் நிலையம் கட்டியிருக்கிறார்களே, அதை வெளியே நின்றாவது படம் எடுத்து இங்கே போட்டுவிட வேண்டும் என்று திட்டம். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை கிளம்பினோம். ரிசல்ட் வரும்வரைதான் வீட்டில் எனக்கு மரியாதை. வந்தபிறகு கேட்டால் வாசல்படிகூடத் தாண்ட விடமாட்டார்கள்.

இந்தப் பதிவில் அந்தப் பஸ் நிலையத்தின் படம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரை தேடிவிட்டுத் திட்டாதீர்கள். போகிற வழி இருக்கிறது. வழியில் நடந்தது இருக்கிறது.

கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, தலைக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஆவடிக்கு ரயில், ஐந்து ரூபாய். பத்தரை மணிக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்கும். எட்டரைக்குப் போனால் நிற்பதற்கே சிபாரிசு வேண்டும். ஸ்டெபி உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள், ஆகவே அண்ணனூர் வந்ததும் “ஆவடி, ஆவடி” என்று அவளை உலுக்கிக் கதவு வரை ஓட விட்டேன். திரும்பி வந்து, “அண்ணனூர்ல இறங்கியிருந்தா இன்னாடி பண்ணியிருப்பே?” என்றாள். “உனக்கு அண்ணன் இல்லன்னு வருத்தப்பட்டியே, ஒரு ஊரே வாங்கிக் குடுத்தேன்” என்றேன். பூந்தமல்லி வரை அவள் என்னோடு பேசவில்லை.

ஆவடி பஸ் ஸ்டாண்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டியாகப் பார்த்து ஏறினால் செலவு பூஜ்ஜியம். பருத்திப்பட்டு ஏரிவரை நல்ல காற்று, கரையான்சாவடியில் நல்ல நெரிசல். பன்னிரண்டே காலுக்குப் பூந்தமல்லியில் இறங்கினோம். திருமழிசை வழியாகக் குத்தம்பாக்கம் பக்கம் போகிற வண்டி காலியாக நின்றுகொண்டிருந்தது. ஒரு மணிக்குத்தான் எடுப்போம், இதை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணிநேரம் ஆகும் என்றார் கண்டக்டர். ஏறி உட்கார்ந்துகொண்டோம்.

நம் பக்கத்தில் சீட் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போடலாம், துண்டு போடலாம், பை போடலாம். குழந்தை இருந்தால் குழந்தையையே போடலாம். கைக்குட்டையை எடுத்துக் கடாசிவிட்டு உட்காருகிறவர்கள்கூடக் குழந்தையை எடுக்க மாட்டார்கள். அதுதான் இருப்பதிலேயே உறுதியான ரிசர்வேஷன்.

அப்படித்தான் மித்து ஏறினாள். எங்களுக்கு முன்சீட் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகள் ஒரு குழந்தையைத் தூக்கின. நான் எழுந்து உள்ளே வாங்கி உட்கார வைத்தேன். மூன்று, மூன்றரை வயது இருக்கும், மஞ்சள் கவுன், தூக்கக் கண். வெளியே நின்ற அக்கா, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள் போடும் நீலக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை, கலா என்று பெயர். அழுது வீங்கின முகம்.

“மித்து, எங்கயும் போவாத. அம்மா பாத்ரூம் போய்ட்டு, பூ வாங்கினு வந்துர்றேன். யார் கேட்டாலும் ஆள் வருதுன்னு சொல்லு, இன்னா?”

குழந்தை தலையாட்டியது. அக்கா ஓடினார். என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், ஈரத் தரையில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நிற்கிற அம்மாக்களை வரிசையில் நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் விட்டுப் போனது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை.

மித்து வேலையை ஒழுங்காகச் செய்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும், “ஆள் வது” என்றாள். “எவ்ளோ பெரிய ஆளு?” என்று நான் பின்னாலிருந்து கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். “அவ்ளோ பெரிய ஆளு இந்த சீட்ல எப்படி உக்காருவாரு?” என்றேன். யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் ஒரு பெரியவர் ஏறினார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. குழந்தைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். எழுந்து படியில் நின்று வெளியே பார்த்தார். மறுபடி வந்து, “யார் கொயந்த இது?” என்றார் பொதுவாக.

“ஆள் வது” என்றாள் மித்து.

“எங்க வருது?”

அவள் ஜன்னலைக் காட்டினாள். அவருக்கு அது போதவில்லை.

“அவங்க அம்மா பாத்ரூம் போயிருக்காங்க அங்கிள், இப்ப வந்துருவாங்க” என்றேன்.

“உங்கிட்ட சொல்லிட்டாம்மா போச்சு?”

“சொல்லல. நான் பார்த்தேன்.”

“பாத்துகினு சும்மா குந்தினுகீறியா? ஒரு புள்ள காணாப் போச்சுன்னா இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு?”

எதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறவள் என்று என்னை ஸ்கூலில் சொல்வார்கள். அன்று ஸ்டெபியைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தார், நியாயமாகச் சொன்னால் அவர் அவசரப்படவில்லை. பிறகு மித்துவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அவள் வீறிட்டாள். ஸ்டெபி அம்மாவைத் தேடிக் கழிப்பறைப் பக்கம் ஓடினாள். நான் அவர் பின்னால், பஸ் நேரம் குறிக்கிற டைம் ஆபீஸுக்கு ஓடினேன். ஸ்டெபி அங்கே போனபோது கலா அக்கா பூக்கடைக்குப் போயிருந்தார், ஸ்டெபி தனியாக எங்களிடம் திரும்பி வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஒருவரை ஒருவர் ஒரு சுவர் தூரத்தில் தவறவிட்டார்கள்.

டைம் ஆபீஸ் வாசலில் பெரியவர் மித்துவுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அவள் கையை அவர் விடவேயில்லை. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரையும் திட்டாமல், தாழ்ந்த குரலில் சொன்னார். “எங்க தெருவுல, முத்தாபுதுப்பேட்டைல, ஒரு பொண்ணு. கடைக்குப் போச்சு, அவ்ளோதான். இன்னிக்கும் சாயங்காலம் ஆனா அவங்கம்மா தெருமுனைல வந்து நிக்கும். நான் வேலை முடிச்சு அந்த வழியாதான் ஊட்டுக்குப் போவணும்.”

அதற்குள் பஸ்ஸிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. கூச்சல் என்றால், வார்த்தை இல்லாத சத்தம். கலா அக்கா தலை கலைந்து, கையில் வாழை இலையில் சுற்றின மாலையோடு ஓடிவந்தார்.

மித்து அம்மாவைப் பார்த்ததும் தாவியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் தாவவில்லை. விட்டுப் போன கோபம். அம்மா முகத்தில் அடித்தாள், கிட்டே வந்த கையைத் தள்ளிவிட்டு ஸ்டெபியின் துப்பட்டாவுக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னக் குழந்தை வைத்திருக்கிற எவருக்கும் இது புரியும். கூட்டத்துக்குப் புரியவில்லை.

“கொயந்த போவ மாட்டேங்குதே.”

“உன் புள்ளதானாம்மா?”

“போட்டோ இருந்தா காட்டச் சொல்லு. இப்பல்லாம் யாரையும் நம்ப முடியல.”

“எம்பொண்ணுண்ணா. எம்பொண்ணு” என்று சொல்லிக்கொண்டே அக்கா போனில் படத்தைத் தேடினார். படம் திறக்கிற நேரத்தில் போன் அடித்தது. திரை முழுக்க ‘தம்பி’ என்று வந்தது. கட் பண்ணினார். மறுபடி படத்தைத் தேடினார். மறுபடி தம்பி. கட் பண்ணினார். “மொதல்ல இதக் காட்டு, அப்பால பேசலாம்” என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவது தடவையும் கட் பண்ணினார். கடைசியில் படம் வந்தது. அதே மஞ்சள் கவுன், பிறந்தநாள் கேக், பக்கத்தில் அம்மா. ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். பிறகு ஆளாளுக்கு அறிவுரை. எல்லாம் முடிந்து நாங்கள் நிமிர்ந்தபோது மணி ஒன்றரை, எங்கள் பஸ் போயிருந்தது.

பெரியவர் கடைசி ஆளாக நின்றார். “தப்பா எடுத்துக்காதம்மா. இனிமே இப்டி வுட்டுட்டுப் போவாத.”

“சரிண்ணா” என்றார் அக்கா. தரையில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

என்னவென்று கேட்டது ஸ்டெபிதான். அப்பா நேற்று ராத்திரி இறந்துவிட்டார். இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். குத்தம்பாக்கம்.

பூந்தமல்லியிலிருந்து ஆட்டோ முந்நூற்றைம்பது ரூபாய். டிரைவர் அண்ணன் மாலையைப் பார்த்தார், பேரம் பேசாமல் முந்நூறு போதும் என்றார். நாங்களும் ஏறிக்கொண்டோம். ஆட்டோவில்தான் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். அதன்பிறகு அப்பா பேசவில்லை, பேத்தியைப் பார்த்ததும் இல்லை. காலையில் ஷிப்டில் இருக்கும்போது தம்பி கூப்பிட்டிருக்கிறான். “வாக்கா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மொகத்தப் பாத்துட்டுப் போ” என்று. “வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு மால வாங்கப் போனேம்மா” என்றார். மித்து கோபம் தீர்ந்து அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த ஊர்ப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டில் பார்த்தால்தான் முகம். ஸ்டெபி வீட்டில் பெட்டியை மூடுகிற வரை, எங்கள் வீட்டில் தூக்குகிற வரை. எல்லாருக்கும் ஒரு கெடு இருக்கிறது.

திருமழிசையைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஆட்டோ பறந்தது. புதுப் பஸ் நிலையம் எந்தப் பக்கம் வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஊருக்குள் திரும்பினபோது இரண்டு பத்து. திரும்பினதும் டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்துவிட்டார். சாலை முழுக்க உதிரிப்பூ, சாமந்தியும் ரோஜா இதழும், அங்கங்கே வெடித்த பட்டாசுக் காகிதம். ஊர்வலம் போய்விட்டிருந்தது. பூ எந்தப் பக்கம் போகிறது என்று அக்கா ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போகட்டுமா என்று டிரைவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா குழந்தையோடும் மாலையோடும் ஈரத்தில் போய் நின்றார். வயதான ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் சித்தி.

“வந்துட்டியா? அவன் போன் பண்ணிக்கினே இருந்தான் கலா. நீ கட் பண்ணிக்கினே இருந்தியாமே. அக்கா வராது போலன்னுட்டு தூக்கச் சொல்லிட்டான்.”

நான் வாயைத் திறந்தேன். அப்படி இல்லைங்க, நடந்தது இது என்று சொல்லத்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஆமா சித்தி” என்றார்.

சித்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு மித்துவைப் பார்த்தார். “உங்கப்பா மாதிரியே கீது நெத்தி” என்று சொல்லி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். அப்போதுதான் அக்கா அழ ஆரம்பித்தார். அங்கே நிற்க எங்களுக்கு வேலை இல்லை. மெயின் ரோடு வரை ஸ்டெபியும் நானும் நடந்தோம், பூ இல்லாத ஓரமாகப் பார்த்து.

திரும்புகிற வழியில் பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற பஸ்ஸில் அந்தப் பெரியவர் இருந்தார். திருமழிசையில் ஏதோ வேலை முடித்துவிட்டுத் திரும்பினாராம். எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

“இன்னாம்மா, அந்தக் கொயந்த நல்லபடியாப் போய்ச் சேந்துச்சா?”

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரி எனக்கு ஆட்டோவிலேயே தயாராக இருந்தது, நன்றாகத் தைக்கிற மாதிரி. ஸ்டெபி என்னைப் பார்த்தாள். பெரியவர் இன்று சாயங்காலமும் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

“சேந்துருச்சு அங்கிள். அவங்க சின்னப் பாட்டி கிட்ட இருக்கு.”

“அப்பாடா” என்றார். பருத்திப்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டார். சொல்லாமல் விட்டது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் செய்ததும் முழுத் தப்பு என்று சொல்ல வரவில்லை. அவர் தெருவில் யாராவது அவரைப் போல ஒரு நாள் எழுந்து கேட்டிருந்தால் என்றும் தோன்றுகிறது.

போகப்போகிறவர்களுக்கு: பூந்தமல்லியிலிருந்து குத்தம்பாக்கம் பக்கம் வண்டி அடிக்கடி இல்லை, கண்டக்டரிடம் நேரம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். ஆட்டோ என்றால் முந்நூறு முதல் முந்நூற்றைம்பது. தண்ணீர் கையில் இருக்கட்டும், நெடுஞ்சாலையில் நிழல் கிடையாது.

இன்னொன்று. பஸ்ஸில் குழந்தை தனியாக உட்கார்ந்திருந்தால் கண்டிப்பாகக் கவனியுங்கள். என்னைப் போல் பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை காட்டிக்கொண்டிருக்காமல், எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் கழிப்பறை வரிசையிலும் பூக்கடையிலும் தேடச் சொல்லுங்கள். குழந்தையை மட்டும் இடம் மாற்றாதீர்கள். அம்மா விட்ட இடத்துக்குத்தான் அம்மா திரும்பி வருவாள். வந்ததும் எழுந்து இடம் கொடுங்கள். எதுவும் கேட்காதீர்கள். அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது.