புருஷன் கொடுத்த கிட்னி

ஆஸ்பத்திரி வேலையில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, நம்ம தொழிலில் மருந்தைவிடத் தாராளமாகக் கிடைப்பது அறிவுரைதான், இல்லையா? ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் உறுப்பு மாற்று கோஆர்டினேட்டர். கிட்னி கொடுக்க வருகிறவரோடு பேசி, டெஸ்ட் முடித்து, ஆபரேஷன் வரைக்கும் கூடவே இருக்க வேண்டும். பேஷண்டைக்கூடச் சமாளித்துவிடலாம். எங்க ஸ்டாஃபைச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பேஷண்ட் யாரு?

போச்சம்பள்ளியிலிருந்து மாதேஷ், கௌரி என்று ஒரு தம்பதி வந்தார்கள். மாதேஷ் அங்கே ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கௌரிக்கு இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தன் கிட்னியைக் கொடுக்கப் புருஷன் வந்திருந்தார்.

எங்கள் அட்டெண்டர் அஞ்சப்பாவிடம், கீழே பேஷண்டும் டோனரும் நிற்கிறார்கள், அழைத்து வாருங்கள் என்றேன். மனுஷன் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய், கல்லுக் குண்டு மாதிரி நின்ற மாதேஷைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கௌரியைப் பின்னாலேயே நடக்கவிட்டுக் கூட்டி வந்தார். எனக்கு வந்ததே கோபம். அவர் அசரவில்லை. "இத்தனை வருஷமா பொண்டாட்டி புருஷனுக்குக் குடுத்துதான் பாத்திருக்கேன், நான் என்னத்தக் கண்டேன் மேடம்?"

மூன்று பாஷையில் புத்திமதி

அம்மாவோ அக்காவோ பொண்டாட்டியோ கொடுக்க வந்தால், 'நீ தெய்வம்மா' என்று கும்பிடுகிற ஜனம்தான் எங்க ஜனம். மாதேஷைப் பார்த்ததும் அவரைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டது. இனிமேல் நைட் ஷிஃப்ட் தாங்குமா என்று லேப்பில் தெலுங்கில் கேட்டார்கள். சின்ன வயசு, யோசித்துச் செய் என்று கேன்டீன்காரர் கன்னடத்தில் சொன்னார். தமிழுக்கு எங்கள் ஹெட் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர்.

ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவர் அவர். அவரே மாதேஷை ஓரமாக நிறுத்தி, சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் குடும்பம் என்னாகும், கௌரியின் அம்மாவைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றார். இதெல்லாம் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த கௌரி காதிலும் விழுந்தது. பிபி பார்க்க வந்த சிஸ்டரிடம் நேராகவே கேட்டார்: "அவருக்கு முடியாம நான் குடுக்க வந்திருந்தா, என்னையும் இப்படித்தான் தடுத்திருப்பீங்களா சிஸ்டர்?"

கதவைச் சாத்திக்கொண்டு

கொடுப்பவரைத் தனியாக வைத்துப் பேசுவது எங்கள் வழக்கம். மனசில்லை என்றால், டெஸ்ட் ஒத்துவரவில்லை என்று மட்டும் வெளியே சொல்வோம். காரணம் எந்தச் சொந்தக்காரருக்கும் போகாது. அப்படி எத்தனையோ பேர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான். பயந்தவரைப் பிடித்து வைத்து அறுப்பது நம்ம வேலை இல்லை.

மாதேஷிடமும் இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டர், பழியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். மாதேஷ் எதையும் மறைக்கவில்லை. "பயமாத்தாங்க இருக்குது. ஆனா அவ டயாலிசிஸுக்கு உள்ள போறப்பல்லாம் நான் வெளிய உக்காந்திருக்கேனே, அந்த பயத்துக்கு இது ஒண்ணுமே இல்லீங்க."

சிஸ்டர் புத்திமதியை நிறுத்திவிட்டு, தானே சம்மதப் படிவத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அது எங்க யூனிட்டில் அதிசயம்.

பை நிறைந்தது

ஆபரேஷன் அன்று ஸ்டெல்லா சிஸ்டருக்கு லீவு. ஆனால் காலையிலேயே யூனிஃபார்மில் வந்து நின்றார். புதுக் கிட்னி பிடித்துக்கொண்டதா என்பதைச் சிறுநீர்தான் சொல்லும். கௌரியின் கட்டிலோரம் தொங்கிய பையைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டே நின்றோம். லேப், கேன்டீன், அஞ்சப்பா, ஒருத்தர் பாக்கியில்லை. முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு நிற்காமல் இறங்கியது. அஞ்சப்பாதான் முதலில் கைதட்டினார்.

உள்ளே இருந்த சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, யாரிடமும் நிற்காமல் மாதேஷின் கட்டிலுக்குப் போனார். அரை மயக்கத்திலும் அவர் கௌரி எப்படி என்றுதான் கேட்டார். சிஸ்டர் குனிந்து சொன்னார்: "உங்களத் தடுக்கப் பாத்த இதே வாயாலதான் சொல்றேன் தம்பி, வீட்டம்மாவுக்கு ஒண்ணுக்கு ஜோராப் போகுது."

ஒரு பை மூத்திரத்தைப் பார்த்துக் கண்கலங்கிக் கைதட்டுகிற கூட்டம் வேறெந்தத் தொழிலில் இருக்கிறது சொல்லுங்கள், அதில் நானும் ஒருத்தி என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.