ஒன்பதாம் பத்திக்காரர்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஒன்பதாம் பத்தி’ என்றே பெயர். பத்தொன்பது வருடமாக வெளிநாட்டு விவசாய வர்த்தகப் பேச்சுவார்த்தைக்குப் போய்வருகிறவர். ஒப்பந்த வரைவின் ஒன்பதாம் பத்தியைக் காப்பாற்றுவதுதான் வேலை. மலிவு இறைச்சி வெளியிலிருந்து வந்து குவிந்தால் ஏழை நாடு வரியை உயர்த்திக்கொள்ளலாம் என்கிற நான்கு வரி அது. அதை நம்பித்தான் அவருடைய தம்பி கோழிப்பண்ணையை இழுத்து மூடாமல் வைத்திருந்தான். கப்பலில் வரும் உறைந்த கோழிக்கால், தம்பியின் கோழி தின்கிற தீவனத்தைவிட மலிவு.

சபையில் ஒரு வழக்கம். தலைவர் வாசித்துவிட்டு, “ஆட்சேபம் உண்டா?” என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம். பெரிய நாட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேராக வருவார்கள். ஒருவர் காபிக்குப் போனால் இன்னொருவர் உட்காருவார். இவர் நாட்டுக்கு இவர் ஒருத்தர்தான். எழுந்து போக நேருமே என்று கூட்ட நாட்களில் தண்ணீரே குடிக்க மாட்டார். நாட்டுக்காக உழைத்ததில் இதுவரை கிடைத்தது ஒரு சிறுநீரகக் கல்.

கடைசி நாள். தலைவர் ஐந்தாம் பத்தியில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தார். தம்பி நான்காவது முறையாகக் கூப்பிட்டான். இவர் கதவுக்கு வெளியே வந்தார்.

“அண்ணே, லாரிக்காரன் வாசல்ல நிக்கிறான். அவன் கேட்ட விலைக்கு மொத்தக் கோழியையும் ஏத்திவிட்டுப் பண்ணைய மூடிரட்டுமா?”

“அவசரப்படாதடா. இன்னிக்கு முடிஞ்சிரும்.”

“போன வருஷமும் இதத்தான் சொன்ன. உன் பத்திய அடைகாக்க வச்சிருந்தாக்கூட இந்நேரம் குஞ்சு பொரிச்சிருக்கும்.”

“நான் உள்ள உக்காந்திருக்கிற வரைக்கும் அதை எவனும் தொட முடியாதுடா.”

“இப்ப எங்க இருக்க?”

உள்ளே கைதட்டல் கேட்டது.

விமானத்துக்கு நேரமாகிறது என்று தலைவர் ஒரே தாவாகத் தாவி, ஒன்பதை நீக்கிவிடலாமா, ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருக்கிறார். காலி நாற்காலிக்கு ஆட்சேபிக்கத் தெரியவில்லை. இவர் ஓடிவந்து, பேச அனுமதி கேட்டு, மேசையிலிருந்த நாட்டுப் பெயர்ப்பலகையைத் தூக்கிப் பிடித்தார். தலைவர் நல்ல மனிதர். “உங்கள் வருத்தத்தை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறோம்” என்றார்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது.

“அண்ணே, கை தட்றாங்களே! கிடைச்சிருச்சா?”

“லாரி போயிருச்சாடா?”

“நிக்குதுண்ணே.”

“ஏத்திவிட்டுரு.”

அங்கே யாரிடமோ, “ஏத்துங்கப்பா” என்று தம்பி சொன்னது மட்டும் கேட்டது.