பின்தொடர வேண்டாம் என்று ரெஜினா சொன்னாள்

காலை நேரம். சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் கம்பெனிப் பேருந்துகள் வழிமறித்து நின்றிருந்தபோது ரெஜினாவின் தங்கை போனில் அழைத்தாள். “எங்கக்கா பூட்டாக்கா,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “தூக்கத்துலயே. வலி இல்ல,” என்றாள். அந்த இரண்டாவது செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் பென்னலூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாதா கோயில் பாடகர் குழுவில் அவளை அறிந்த உங்களுக்கு, எனக்குத் தெரிந்த ரெஜினாவைச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இணையதளங்கள் செய்து தருகிறோம். ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் நிரல் எழுதுவேன், அவள் சோதிப்பாள். சரியாக இருந்தால் மேசையில் ஒரு தட்டு. தவறென்றால் இரண்டு தட்டு, கூடவே “மேடம், கொஞ்சம் வாங்கோ.” மற்ற நேரமெல்லாம் ‘வாடி, போடி’தான்.

ஒருநாள் தட்டவே இல்லை. தன் போனை என் முன்னால் வைத்தாள். திரையில் விக் விளம்பரம்.

“முடி கொட்றதுக்கு முன்னாடியே கடை போட்டுட்டான் பாரு.”

அவள் நோய் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நாங்கள் செய்து கொடுத்த ஒரு புற்றுநோய் மருத்துவமனைத் தளத்தில்தான் அவள் டாக்டரைப் பார்க்க நேரம் பதிந்திருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. சமையல் குறிப்பு தேட போனை வாங்கிய தங்கை, “இன்னாக்கா, ஒரே விக்கா வருது?” என்று கேட்டிருக்கிறாள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ராஜா வேஷம் என்று இவள் சமாளித்திருக்கிறாள்.

பிரவுசரில் ஒரு விருப்பத்தைத் தேர்ந்து வைத்தால், திறக்கும் ஒவ்வொரு தளத்திடமும் ‘என்னைப் பின்தொடர வேண்டாம்’ என்று அது சொல்லும். தளம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ரெஜினா அதைத் தேர்ந்துதான் வைத்திருந்தாள். யார் வருகிறார்கள் என்று விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லும் நிரலைத் தளத்தில் ஒட்டிய நான், அந்தக் கோரிக்கையைக் கவனிக்கும் வரியை எழுதவில்லை. அவள் போன் ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லியிருக்கிறது. என் தளம் காதில் வாங்கவில்லை.

நான் அழுதேன். “அதெல்லாம் அப்பறம் அழுவு,” என்றாள். “அம்மாக்கு நான்தான் சொல்லணும்டி. போன் சொல்லக் கூடாது.”

அந்த வரியைச் சேர்க்க எங்கள் முதலாளி சார் தயங்கினார். யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று மருத்துவமனைக்குத் தெரிய வேண்டாமா என்றார். “சார், உங்க சுகர் ரிப்போர்ட்ட கீழ டீக்கடையில ஒட்டட்டுமா?” என்றாள். அன்று மாலையே மாற்றினேன். அவள் எல்லாப் பக்கங்களையும் திறந்து, தகவல் எங்கெங்கே போகிறது என்ற பட்டியலைப் பார்த்தாள். வெளியாள் ஒருவரும் இல்லை. ஒரு தட்டு. தளங்கள் தன் போனில் விட்டுவைத்திருந்த அடையாளக் குறிப்புகளான பழைய குக்கீகளையும் அழித்தாள். விக் போய், பிரஷர் குக்கர் விளம்பரம் வந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம், தனக்குத் தோன்றிய ஒரு மதியத்தில், அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

“இன்னா சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“மொதல்ல சாப்டுன்னாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஊருக்கே அவளே சொன்னாள். அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பயம் வந்தது. அந்த மருத்துவமனைத் தளத்தைப் போன மாதம் வேறொருவர் புதுப்பித்திருந்தார்; என் வரி போயிருக்குமோ? அவளைப் போலவே அந்த விருப்பத்தைத் தேர்ந்து, பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தேன். வெளியாள் இல்லை. என் வரி அப்படியே இருந்தது.

இப்போது எந்தத் தளத்தையும் அப்படித் திறந்து பார்க்காமல் நான் ஒப்படைப்பதில்லை. சரியாக இருந்தால் மேசையில் ஒரு தட்டு. அது அவளுடையது. நான் வைத்துக்கொள்கிறேன்.