கூறைத் தலைப்பில் முடிந்த துவக்கு ஊசி

போன மாதம் மகள் என் கலியாணக் கூறைச் சேலையை எடுத்து மடிப்பு மாற்றி வைக்கப் போனாள். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் சரிகை முறிந்துவிடும். எனக்கு இப்போது கைவிரல்கள் சரியாக மடங்குவதில்லை என்பதால் அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. தலைப்பில் இருந்த முடிச்சை என்னைக் கேட்காமலே அவிழ்த்தாள். உள்ளே இருந்த சாமான், மெல்பேர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் உள்ள புது வீட்டின் வழுக்கும் தரையில் விழுந்து, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. முழங்காலில் நின்று தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். விரல் நீளத்தில் ஓர் உருக்குக் கம்பி, ஒரு முனை மட்டும் மெலிந்தது. “வட் இஸ் திஸ், அம்மா? தையல் மெசின் பார்ட்டா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். என் ஆயுளில் பாதி தையல் தொழிற்சாலையில் போனதால் அவள் உடனே நம்பிவிட்டாள்.

அது ஒரு துவக்கின் ஊசி. விசையை இழுத்தால் உள்ளே இருந்து பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தில் குத்துவது அதுதான். அது குத்தாவிட்டால் எவ்வளவு விலையான துவக்கும் வெறும் இரும்பும் மரமும்தான். நான் அதை எழுபத்தேழாம் ஆண்டு என் கணவரின் துவக்கில் இருந்து கழற்றினேன்.

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்தது எழுபத்து நான்கில். என் கணவருக்கு நிலமும் வாய்க்காலும் அளக்கிற வேலை. கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர். வடக்கே இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு பண்ணைக்காரன் வான்கோழி வளர்த்திருக்கிறான். ஒரு வெள்ளத்தில் வேலி போய்விட, கோழிகள் ஓடைப்பக்கத்துப் பற்றைகளில் புகுந்து காட்டுக்கோழிகளாகப் பெருகி, அவனுடைய பார்லி வயலைத் தின்று தீர்த்தன. சுடுவதற்கு ஆள் வேண்டுமென்று அவன் ஒவ்வொரு வருடமும் இவர்களைக் கூப்பிடுவான். “நீயும் ஒரு துவக்கு வாங்கு” என்று அவர்கள் சொன்னதும் இவருக்குத் தலைகால் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத மனுஷன் வேட்டைக்காரர் ஆகப்போகிறாராம் என்று நான் சிரித்தேன். ஆனால் அந்த நாட்டில் ஒருவர் அவரைப் பெயர் சொல்லி ஓர் இடத்துக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் எனக்கும் விளங்கியது.

துவக்குக் கடைக்கு நானும் போனேன். பெண் பார்க்கப் போகிறவர் போல இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். என்னைப் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு கவனமாக உடுத்தவில்லை. இரட்டைக்குழல் துவக்குத்தான் அவருக்கு ஆசை, ஊரில் பணக்காரர் வீடுகளில் பார்த்தது. ஆனால் கிரிக்கெட்டில் முறிந்து சரியாகப் பொருந்தாத தோளெலும்பு அவருக்கு. அதைக் கேட்டதும் கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு வேறொன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொரு வெடிக்கும் விசையை இழுக்க வேண்டும், ஆனால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். வெடியின் வாயுவில் ஒரு பங்கு அந்த வேலைக்குப் போய்விடுவதால் தோளில் இடிக்கிற இடி குறைவு. பளபளப்பானதை வாங்காதே, வான்கோழிக்குக் கண் கூர்மை, மினுக்கம் கண்டால் போய்விடும் என்றார். குழல் நீளம் வேண்டாம், பற்றைக்குள் சிக்கும் என்றார். தலையையும் கழுத்தையும் பார்த்துத்தான் சுட வேண்டும் என்பதால் தோட்டாவில் இருந்து பாயும் சன்னம் அதிகம் பரவாதபடி குழலின் வாய் ஒடுங்கியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றுவிட்டு இவர் பளபளப்பானதையே வாங்கினார். வெளியே வரும்போது கடைக்காரர் கடைசியாகச் சொன்னது, இந்த வகைத் துவக்கு உள்ளே கரி பிடிக்கும், துடைக்காவிட்டால் காலை வாரிவிடும் என்று.

துடைக்கிறதில் குறை வைக்கவில்லை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிவிட்டு, ஈரத் தலையோடு குசினிக் கதிரையில் இருந்து, மேசையில் பேப்பர் விரித்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றுவார். என் தையல் மெசின் எண்ணெய் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். “உது தண்ணி மாதிரி இருக்கு. நல்லெண்ணெய்க்கு மிஞ்சினது என்ன இருக்கு?” என்று, தன் தலைக்கு வைத்த அதே போத்தலைச் சரித்துத் துவக்கு முழுக்கப் பூசினார். விளக்குக்கும் நல்லெண்ணெய், கதவுப் பிணைச்சலுக்கும் நல்லெண்ணெய் என்று வளர்ந்தவருக்கு யார் சொல்லி என்ன! பண்ணையில் அந்தக் குளிர்காலை முதல் வெடி போனது. அதோடு சரி. எண்ணெய் பசையாக இறுகி, வெறுந்தோட்டா உள்ளேயே சிக்கிவிட்டது. பண்ணைக்காரன் துவக்கை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, இது என்ன சீனச் சாப்பாட்டுக் கடை மணம் அடிக்கிறது என்று கேட்டானாம். அதை என்னிடம் சொல்லும்போது இவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

துவக்கை நாங்கள் வாங்கிய கடைக்கே கொண்டுபோக, கடைக்காரர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ஊசி இருந்த துவாரத்துக்குள்ளும் பசை போயிருந்தது. குறுக்கே நின்ற சிறு முளையைத் தட்டி வெளியேற்றி ஊசியை எடுத்துத் துடைத்துக் காட்டினார். இவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க, பார்த்துக்கொண்டது நான். தொழிற்சாலையில் என் மெசினை நானே கழற்றிப் பூட்டுகிறவள். அது எனக்குப் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. அதன் பிறகு சனிக்கிழமைகளில் சின்னச் சாமான்களை நான் துடைப்பேன், குழலை அவர் துடைப்பார். பக்கத்தில் சனிக்கிழமைச் சமையலுக்குக் கத்தரிக்காய் வெட்டி வைத்திருக்கும்.

அடுத்த வருடம் ஒரு வான்கோழிச் சேவலைச் சுட்டார். கழுத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையில் துவக்கோடு நிற்கிற படத்தை ஊருக்கு அனுப்பினார். அவருடைய தம்பி அப்போது இலங்கையின் தெற்கில் ஒரு பட்டினத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாத பிள்ளை, எங்கள் கலியாணத்தில் என் செருப்பை ஒளித்து வைத்தவன். படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணா, எனக்கும் ஒரு துவக்கு வாங்கி வையுங்கோ, வாறன்” என்று எழுதினான். பகிடிபோல எழுதினாலும் வர வேண்டுமென்ற ஆசை உண்மையானது. கூப்பிடுவோமா என்று நான் கேட்டேன். “இருக்கிற சோதனையை எழுதி முடிக்கட்டும். பிறகு பாப்பம்” என்றார். தம்பியின் நன்மைக்காகத்தான் சொன்னார். எந்த அண்ணனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

தமிழருக்கு எதிரான எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் தம்பியை அவன் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் வெட்டிப் போட்டார்கள். கொழும்பில் இருந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். இவர் கேட்டுவிட்டு, “சரி, சரி” என்று மட்டும் சொல்லி வைத்தார். அழவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனார். வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். பண்ணைக்குப் போகவில்லை, கூப்பிட வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் துவக்கை எடுத்தார். என்னைத் தொடவிடவில்லை. ஒரு வெடிகூட வைக்காத துவக்கை, ஒரு பொட்டுக் கரி இல்லாத துவக்கை, மத்தியானம் வரை துடைத்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது.

ஒரு சனிக்கிழமை துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “நான் இல்லாட்டி நீர் ஊருக்குப் போவீரோ, இஞ்சையே இருப்பீரோ?”

பருப்பு அடுப்பில் இருந்தது. “விசர்க் கதை கதையாதேங்கோ” என்றேன். அவர் ஓம் என்றார். அவ்வளவுதான். ஆனால் அது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இந்த நாட்டில் எனக்கு வேறு யாரும் இல்லை. யாரிடமாவது போய்ச் சொல்லலாம் என்றும் தெரியாத காலம். அவரிடமே கேட்கலாம், கேட்டு, அவர் பொய் சொல்லாமல் பதில் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

திங்கட்கிழமை எனக்குச் சுகமில்லை என்று வேலைக்குப் போகாமல் நின்றேன். அவர் போனதும் துவக்கை எடுத்து மேசையில் வைத்தேன். ஓர் ஆணியும் சுத்தியலும் போதும். ஊசியை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் இருந்தபடி பூட்டி வைத்தேன். சனிக்கிழமை கழற்றும்போது அவர் காண்பார் என்று எனக்குத் தெரியும். காணட்டும். வாயால் சொல்ல முடியாததை அப்படியாவது சொல்லலாம் என்றுதான் செய்தேன். ஊசியைக் கூறைச் சேலைத் தலைப்பில் முடிந்து சூட்கேசுக்கு அடியில் வைத்தேன். அந்தச் சேலையை அவர்தான் என் கையில் தந்தவர். அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை நான் அவருக்கு முதுகைக் காட்டி அடுப்படியில் நின்றேன். துணி உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன் என்றே சொல்லலாம். கடுகு வெடித்து ஓய்ந்து, தாளிதம் கருகத் தொடங்கியும் நான் சட்டியை இறக்கவில்லை. பிறகு அந்தத் துணிச் சத்தம் மறுபடி கேட்டது. எல்லாவற்றையும் துடைத்து, பூட்டி, உறையில் போட்டு, அலுமாரியில் வைத்துவிட்டு வந்து, “தேத்தண்ணி இருக்கோ?” என்று கேட்டார். கொடுத்தேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தார்.

அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. அதன் பிறகு அந்தத் துவக்கை நான் கையால் தொட்டதும் இல்லை. அவர் துடைக்கிற சனிக்கிழமைகள் மெல்லக் குறைந்தன. ஒரு நாள் குசினியில் இருந்து தம்பியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். எழுபத்தொன்பதில் மகள் பிறந்தாள். அவளைக் கையில் ஏந்தினாலும் முன்னைய சிரிப்பு திரும்பி வரவில்லை. ஆனாலும் மனுஷன் இருந்தார். வெறும் இரும்போடுதானே ஒரே வீட்டில் இருக்கிறோம் என்ற நிம்மதியில் நான் வருடக்கணக்காக நித்திரை கொண்டேன்.

தொண்ணூற்றாறில், தானே தோட்டா ஏற்றுகிற அந்த வகைத் துவக்குகளை எல்லாம் திருப்பி ஒப்படைக்க வேண்டுமென்று அரசு சொன்னது. ஒரு மண்டபத்தில் மேசை போட்டு வாங்கினார்கள். நானும் கூடப் போனேன். பரிசோதித்தவர் வயதானவர், துவக்கு தெரிந்தவர். திறந்து, இழுத்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அருமையாகப் பராமரித்திருக்கிறீர்கள், ஒன்றும் குறையில்லை, இன்றைக்கும் சுடும் என்றார்.

“ஊசி?” என்று கேட்டேன்.

அவர் திருப்பிப் பிடித்துக் காட்டினார். உள்ளே ஊசி இருந்தது. இது புதிதாக வாங்கிப் போட்டது என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறி, பெல்ட் போட்ட பிறகுதான் கேட்டேன்.

“எப்ப போட்டனீங்கள்?”

“நீர் எடுத்த அடுத்த கிழமை.”

அப்படியானால் அத்தனை வருடமும் அது சுடுகிற துவக்கு. நான் நித்திரை கொண்ட இரவெல்லாம், பிள்ளை வயிற்றில் இருந்த மாதமெல்லாம், அலுமாரியில் எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. கடைக்குப் போய், கேட்டு வாங்கி, கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஏன் போட்டார் என்று கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

“பிறகு ஏன் ஒண்டும் செய்யேல்லை?” என்றேன்.

அவர் காரின் திறப்பைத் துவாரத்தில் போட்டார். “நீர் எடுத்தனீரெல்லோ” என்றார்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. தன் கட்டிலில், நித்திரையில் போனார்.

“இதை எறியட்டா, அம்மா?” என்று மகள் கேட்டாள். அந்தக் கம்பி அவளுடைய உள்ளங்கையில் இருந்தது. எழுபத்தொன்பதில் பிறந்த கை.

“இஞ்சை கொண்டா, பிள்ளை” என்று வாங்கினேன். முடிச்சுப் போட விரல் மடங்கவில்லை. சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினேன்.